மாவலி கட்டுதல்: சாயல்குடிப் பனம்பூவும் ஸ்டோன்ஹேவன் கம்பியும்

மாவலிக்கு வேண்டிய சாமான் கொஞ்சம்தான். ஆண்பனையின் காய்ந்த பாளை, கல்லுப்பு, பழைய நூல்வேட்டி, பச்சைப் பனைமட்டை, கயிறு, அடுப்புத் தணல். ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் இதில் எதற்கும் காசு தேவையில்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் இதில் பாதி, காசு கொடுத்தாலும் கிடைக்காது. முதுகலை படிக்க அங்கே போன வருஷம் கையில் கிடைத்ததை வைத்து ஒன்று கட்டினேன். இந்தக் கார்த்திகைக்கு ஊரில் இருந்தேன். அங்கே கற்றுக்கொண்ட ஒன்றிரண்டு சங்கதிகளையும் சேர்த்து முறையாகக் கட்டிப் பார்த்தேன். சித்தப்பா வீட்டுப் பையன்கள் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

மாவலி பார்த்திராதவர்களுக்கு: கரித்தூளைத் துணியில் இறுக்கிச் சுருட்டி, மூன்று மட்டைச் சிம்புகளுக்கு நடுவில் வைத்துக் கட்டி, நுனியில் தணல் வைத்து, கயிற்றைப் பிடித்துச் சுழற்றுவது. சுற்றச் சுற்றத் தூள் பொறியாகப் பறக்கும். சுற்றுகிற ஆள் தீவளையத்துக்குள் நிற்பார். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கம் பிள்ளைகள் ‘மாவலியோ மாவலி’ என்று கத்திக்கொண்டே சுற்றுவார்கள். எங்கள் கரையில் கார்த்திகை என்றால் கோயில் வாசலில் சொக்கப்பனை, வீட்டில் கருப்பட்டி போட்ட ஓலைக்கொழுக்கட்டை. மாவலி எங்கள் வீட்டுக்கு வந்தது பண்ருட்டிப் பக்கத்துத் தாய்மாமா வழியாக. மரம் அப்பா ஊர், கைவேலை அம்மா ஊர்.

பாளையும் கரியும்

ஆண்பனையில் நுங்கு காய்க்காது. அதனால் பதநீர் சீவாத ஆண்பனையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நமக்கு வேண்டியது அதுதான். சீவின மரத்தில் பாளையை நாளும் செதுக்கித் தேய்த்துவிடுவார்கள், கரிக்கு ஒன்றும் மிஞ்சாது. சீவாத மரத்தில் பூ முடிந்து காய்ந்த கதிர்கள் தானாகவே உதிர்ந்து தூரைச் சுற்றிக் கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் விரல் தடிமனில் நீளமாக, மேலெல்லாம் செதில் செதிலாக, செதிலுக்கு ஒரு குழியாக இருக்கும். பூ உட்கார்ந்திருந்த இடம் அந்தக் குழி. நகத்தால் கீறினால் தூள் கொட்டும். இந்தக் கதிர்தான் நல்ல கரி தரும். பாளையின் தடித்த அடிக்காம்பைச் சேர்க்கக் கூடாது. அது விறகுக் கரி மாதிரிதான் எரியும், பொறி வராது.

பொறுக்குவதை ஆவணிக்குள் முடித்துவிட வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதில் ஒரு தடவை நனைந்த கதிரில் பூசணம் பிடித்துவிடும். நான் பொறுக்கினதை அப்பத்தா சாக்கில் கட்டி அடுப்படிப் பரணில் போட்டு வைத்திருந்தார். “சருகைப் பொறுக்கிட்டு வந்து பரண்ல ஏத்துறான், சீமையில படிச்சவன்” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். கட்டிக் கொடுத்ததும் அவரேதான்.

கரி போட முழங்கால் ஆழத்தில் ஒரு குழி போதும். அடியில் கொஞ்சம் காய்ந்த ஓலை, அதன்மேல் கதிர்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கொளுத்த வேண்டும். முதலில் வெள்ளைப் புகை திரண்டு வரும். அது ஈரம். அது மெலிந்து, கதிர்கள் உருக்குலையாமல் சிவந்து நிற்கிற சமயத்தில் ஈரச்சாக்கைப் போட்டு மூடி, அதன்மேல் மணலைத் தள்ளி மிதித்துவிட வேண்டும். உள்ளே காற்றுப் புகுந்தால் சாம்பலாகிவிடும். தண்ணீர் தெளித்து அணைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படி அணைத்த கரி காய்ந்த பிறகும் மக்காகவே இருக்கிறது. ராத்திரி முழுக்க மூடியே கிடக்கட்டும். காலையில் மணலில் கை வைத்துச் சூடு தெரிந்தால் திறக்க வேண்டாம், காற்றுப் பட்டதும் மறுபடி பற்றிக்கொள்ளும். வெந்த கரி ‘டக்’கென்று ஒடியும், உள்ளே வெளியே ஒரே கறுப்பு. உள்ளே பழுப்புத் தெரிந்தால் வேகவில்லை, புகையத்தான் செய்யும்.

இடிப்பதற்கு உரல்தான். மிக்ஸியில் அடித்தால் மை மாதிரி ஆகிவிடும். அதோடு அம்மா மிக்ஸியைத் தொடவும் விடமாட்டார். போனில் மாமா சொன்னது: “மருமகனே, மாவா இடிச்சியானா புகைதான் வரும். ரவைக்குக் கொஞ்சம் கீழ நிக்கட்டும்.” அதில் விஷயம் இருக்கிறது. பொறி என்பது தனியாகப் பிரிந்து பறக்கிற ஒரு கரித்துணுக்கு. காற்றில் போகும்போது ஆக்சிஜன் பட்டுத் தகதகவென்று எரிந்து தீர்கிறது. துணுக்கு ரொம்பப் பொடியானால் கிளம்பின இடத்திலேயே எரிந்து முடிந்துவிடும். பெரிதானால் எரியாமல் கட்டையாகக் கீழே விழும், விழுந்த இடத்தைச் சுடும். கோதுமை மாவுச் சல்லடையில் சலித்துக் கீழே விழுந்த மையை ஒதுக்கிவிட்டு மேலே நின்றதை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு படி தூளுக்கு ஒரு கைப்பிடி கல்லுப்பு. வாலிநோக்கம் உப்பளத்து உப்பை ஒன்றிரண்டாகத் தட்டிப் போட்டேன். உப்புக் கல்லுக்குள் சிறைப்பட்டிருக்கிற ஈரம் சூட்டில் வெடித்துச் சிதறும்போது பக்கத்துக் கரியையும் உதைத்துத் தள்ளுகிறது. படபடவென்ற சத்தமும் அதனால்தான். உப்பை வறுத்துப் போட்டால் சத்தமும் இல்லை, பொறியும் பாதிதான்.

அபர்டீனில் கட்டியது

டிசம்பர் முதல் வாரத்தில் அபர்டீனில் மாலை மூன்றரை மணிக்கே சூரியன் அடைந்துவிடும். விளக்கேற்றும் நேரத்தில் வகுப்பு நடந்துகொண்டிருக்கும். 57 டிகிரி வடக்கில் கார்த்திகை மாதத்துப் பௌர்ணமி நிலா சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போதும் மேற்கே நிற்கும். இவ்வளவு பெரிய பௌர்ணமி ராத்திரி நம் ஊரில் கிடைக்காது. ஆனால் ஒரு அகலை ஏற்ற வழியில்லை. தங்கியிருந்த விடுதியில் மெழுகுவர்த்திக்கே தடை. ஊதுபத்திப் புகைக்கெல்லாம் அலாரம் அலறும், கட்டடம் மொத்தமும் போர்வையோடு வாசலில் வந்து நிற்கும். பேட்டரியில் எரிகிற அகலை வைத்துக் கும்பிட எனக்கு மனசு வரவில்லை. வைத்தவர்களைக் குறை சொல்லவில்லை.

தீபாவளிக்கு இந்தப் பாடு இல்லை. 1605இல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்த சதி பிடிபட்டதை அந்த நாட்டில் நவம்பர் 5 அன்று கட்டை அடுக்கிக் கொளுத்திக் கொண்டாடுகிறார்கள். அதையொட்டிக் கடையில் மத்தாப்பு, வாணமெல்லாம் வந்துவிடும். ஸ்காட்லாந்து விதிப்படி மற்ற நாள் இரவு 11 மணியோடு வெடியை நிறுத்த வேண்டும், தீபாவளிக்கு 1 மணி வரை விட்டிருக்கிறார்கள். சட்டப் புத்தகத்தில் தீபாவளிக்கு இடம் உண்டு. கார்த்திகையை யாருக்குத் தெரியும்?

கூட இருந்தது கீழக்கரைக்காரன் ஒருத்தன். அவன் வீட்டிலிருந்து தொதல் அல்வா வந்தால் எனக்கு ஒரு பங்கு, எங்கள் வீட்டிலிருந்து கருப்பட்டி வந்தால் அவனுக்கு ஒரு பங்கு. “மாப்ள, நோன்புக்கு நீ கஞ்சிக்கு வந்தேல்ல, கார்த்திகைக்கு நான் வர்றேன், கடற்கரையில வச்சுச் சுத்துவோம்” என்றான். தோட்டச் சாமான் கடையில் இரண்டு வகைக் கரி இருந்தது. கட்டி கட்டியாக ஒரே அளவில் அச்சில் வார்த்தது ஒன்று. அது கரிப்பொடியை மாவுப்பசை போட்டு அழுத்தியது, நின்று நிதானமாக எரிவதற்கென்றே செய்வது. எவ்வளவு சுற்றினாலும் சாம்பல் மூடிக்கொண்டு சும்மா கனன்றுகொண்டே இருந்தது. மரத்துண்டை அப்படியே கரியாக்கின இன்னொரு வகையில் பொறி வந்தது, ஆனால் சிக்கனமாக. துணிக்குப் பழைய துணி விற்கிற கடையில் வாங்கின பருத்தித் தலையணை உறை. மட்டைக்குப் பதில் செடிக்கு முட்டுக் கொடுக்கிற மூங்கில் குச்சி.

பௌர்ணமி வத்தத்தில், அதாவது கடல் உள்வாங்குகிற நேரத்தில், அந்தக் கடல் நாலு மீட்டர் அளவுக்கு இறங்கும். நம் மன்னார் வளைகுடாவில் ஏத்த வத்தம் இடுப்பு உயரம்கூட வராது. அகலமான ஈரமணல், சுற்றிலும் பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லை, மாவலிக்கு அதைவிட நல்ல இடம் வேண்டாம். குளிரில் கை மரத்துப்போனதுதான் மிச்சம். சுற்றினதைப் பார்த்துக்கொண்டு நின்ற வகுப்புத் தோழன் ஒருத்தன் பக்கத்து ஊரான ஸ்டோன்ஹேவனைச் சேர்ந்தவன். “டிசம்பர் 31க்கு எங்க ஊருக்கு வா. நாங்களும் சுத்துவோம், இதைவிடப் பெரிசா” என்றான். பேச்சுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

ஸ்டோன்ஹேவன்

அபர்டீனுக்குத் தெற்கே 24 கிலோமீட்டரில், ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டே போய் இறங்குகிற மீன்பிடி ஊர். வருஷக் கடைசி நாளை அங்கே ஹாக்மனே என்கிறார்கள். ஸ்காட்லாந்தில் கிறிஸ்துமஸுக்குப் பொதுவிடுமுறை விட்டதே 1958இல்தான். அதற்கு முன்னால் பெரிய பண்டிகை இந்த வருஷப்பிறப்பு. நடுநிசி மணி அடித்ததும் பேக்பைப் குழு முன்னே போக, பழைய ஊரின் தெருவில் நாற்பது ஐம்பது பேர் எரிகிற உருண்டையைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு நடக்கிறார்கள். ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. போன வருஷத்துப் பீடையை எரிப்பதற்கு என்று சொல்கிறார்கள். கடைசியில் உருண்டையைத் துறைமுகத் தண்ணீரில் வீசி எறிந்துவிடுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. கொரோனாவில் 2020இலும் 2021இலும் மட்டும் நின்றிருந்தது.

தடுப்புக்கு வெளியே ஆயிரக்கணக்கான கூட்டம் நின்று பார்க்கும். நான் பார்த்தது அதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, அந்தத் தோழன் வீட்டுக் கார் கொட்டகையில். எனக்கு விழா அதுதான். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலையை உருளையாக வளைத்து, உள்ளே கிழிந்த சாக்கு, பழைய பருத்திக் காற்சட்டை, பைன் மரக்காய், நிலக்கரித் துண்டு எல்லாம் போட்டு, மண்ணெண்ணெயில் ஊறவைக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கைப்பக்குவம். அவன் அப்பா குத்துக்கட்டையால் இடித்து இடித்துத் திணித்தார். கூண்டைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்கச் சொன்னார். உள்ளே ஏதாவது உருண்டால் மறுபடி பிரித்துத் திணிக்க வேண்டும், இல்லையென்றால் எரிய எரிய இளகிக் கூட்டத்துக்குள் விழும். பிடிக்கிற பக்கம் முழுக்கக் கம்பிக்கயிறு, நீளம் ஒன்றரை மீட்டர் அளவுக்கு, நுனியில் கைக்கு ஒரு வளையம். மண்ணெண்ணெயை எனக்குப் பிடிக்கவில்லை. மூக்கை அடைக்கிற கரும்புகை. ஆனால் அந்தத் திணிப்பும் அந்தக் கம்பியும் மனசில் நின்றுவிட்டன.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. புது வருஷம் பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிற ஆள் கறுத்த முடிக்காரனாக இருந்தால் அந்த வருஷம் ராசி என்று அவர்களுக்கு நம்பிக்கை. கையில் ஒரு துண்டு நிலக்கரியும் ஏதாவது தின்பண்டமும் கொண்டுபோக வேண்டும், அடுப்பும் வயிறும் காயாமல் இருப்பதற்கு. என்னைவிடக் கறுத்த முடிக்கு அவர்கள் எங்கே போவார்கள்! அவன் பாட்டி கதவுக்குப் பின்னால் நின்று என்னை முதலில் வரச் சொன்னார். அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கூப்பிட்டார்கள். நான் வழக்கத்தில் வலதுகாலை எடுத்து வைத்தேன். அவர்களுக்கு எந்தக் காலாக இருந்தாலும் சரிதானாம். கீழக்கரைக்காரனுக்கும் அதே மரியாதை. விஸ்கிக் கோப்பையை நீட்டியபோது அவன் தேநீர் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அந்த வடகரை முழுக்கவே குளிர்காலத்தில் நெருப்பு மேல் ஒரு பித்து. ஷெட்லாந்துத் தீவில் ஜனவரி கடைசிச் செவ்வாயன்று கப்பல் ஒன்றைச் செய்து தீப்பந்தம் எறிந்து எரிக்கிறார்கள். பர்க்ஹெட் என்ற ஊரில் தார் ஊற்றின பீப்பாயைக் கொளுத்தி, தோளில் சுமந்து ஊரைச் சுற்றுகிறார்கள். அதுவும் ஜனவரி 11 அன்று. 1752இல் நாள்காட்டியை மாற்றியதில் 11 நாள் காணாமல் போனதை அந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நம்மிடம் பஞ்சாங்கத்தில் வாக்கியமா திருக்கணிதமா என்று நடக்கிற சண்டை எந்த நாட்டிலும் உண்டு.

கட்டுதல்

சரி, ஊருக்கு வருவோம். வேட்டித் துணியில் ஒரு முழம். நூல் துணியாக இருக்க வேண்டும், பாலியஸ்டர் கலந்தால் உருகிச் சொட்டும். துணியை விரித்து, ஓரத்தில் தூளை ஒரு சாண் நீளத்துக்குக் கொட்டிச் சுருட்ட வேண்டும். இங்கேதான் ஸ்டோன்ஹேவன் பாடம். மாமா முறையில் சுருட்டி நூலால் கட்டுவதோடு சரி. நான் ஒரு முனையை முதலில் தைத்துவிட்டு, வேப்பங்குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தித் திணித்து, காதோரம் குலுக்கிப் பார்த்து, சத்தம் நின்ற பிறகு மறுமுனையைத் தைத்தேன். மூன்று விரல் தடிமனுக்குக் கல் மாதிரி நிற்கிறது. அப்பத்தா கோணி ஊசியால் மேலேயும் குறுக்குத்தையல் போட்டுக் கொடுத்தார்.

பச்சை மட்டையில் கருக்கைச் சீவிவிட்டு ஒன்றரை அடி நீளத்தில் மூன்று சிம்பு. காய்ந்த மட்டை பற்றிக்கொள்ளும், பச்சைதான் தாங்கும். மூன்றையும் அடியில் சேர்த்து மட்டை நாரால் கட்டி, நடுவில் துணிச்சுருளை நிறுத்தி, மேலேயும் இடுப்பிலும் இரண்டு கட்டு. நாரை நனைத்துக் கட்டினால் காயக் காய இறுகும். மாமா இதற்கு மேல் நேரே கயிற்றைக் கட்டிவிடுவார். தேங்காய்நார்க் கயிறு தணலுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கருகுவதைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். அதனால் முதல் இரண்டு சாண் கொத்தனார் வாங்குகிற கட்டுக்கம்பியை மூன்று மடியாக முறுக்கிப் போட்டேன். கம்பிக்கும் கயிற்றுக்கும் நடுவில், தூண்டில் கயிறு முறுக்காமல் இருக்க மாட்டுகிற சுழல்வளையம் ஒன்று. மூக்கையூரில் மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் பெரிய அளவிலேயே கிடைக்கிறது. அதைப் போட்டதும் கயிறு கையில் முறுக்கிக்கொள்ளவே இல்லை. கைப்பிடிக்குச் சைக்கிள் டியூப் சுற்றின வளையம்.

கம்பிக்கூண்டே போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். வலைக்கண் வழியாகப் பொறி வரும், ஆனால் மட்டைச் சிம்புகள் விரிந்து கொடுக்கிற அந்த நெளிவு போய்விடும். எடையும் கூடும், பிள்ளைகள் சுற்ற முடியாது.

சுற்றுதல்

எந்தக் கரையில் சுற்றுகிறோம் என்பது முக்கியம். கார்த்திகையில் அடிப்பது வாடைக்காற்று. சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துக் கரை தெற்கே பார்த்தது, காற்று ஊர்ப்பக்கமிருந்து கடலுக்குப் போகும், பொறியும் அதோடு போகும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கடல் கிழக்கே. அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு ஏறுவதால் பொறி நேரே ஓலைக்கூரைக்கும் காயப்போட்ட வலைக்கும் வரும். அந்தப் பக்கத்தார் கரையில் சுற்றாமல் ஊருணித் திட்டு மாதிரி ஒரு திறந்தவெளி பார்த்துக்கொள்வது நல்லது. எங்கள் கரையிலும் வள்ளங்களை விட்டு நன்றாகத் தள்ளி, அலை நனைத்த மணலில்தான் நின்றோம். வள்ளத்தில் பெட்ரோல் இருக்கும், நைலான் வலை ஒரு பொறிக்கே பொத்துக்கொண்டு போகும். வலை பொத்தலானால் நாளைக்கு அந்த வீட்டு அடுப்பு எரியாது.

நூல்சட்டை, தலைக்குத் துண்டு, கண்ணுக்கு வெல்டிங் கடைக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு வாளி கடல்தண்ணீர். பொதுவில் சொன்னால், கயிற்று நீளத்தைப் போல மூன்று பங்கு தூரம் தள்ளித்தான் ஆட்கள் நிற்க வேண்டும். மணலில் காலால் ஒரு கோடு போட்டுப் பிள்ளைகளை அதற்கு வெளியே நிறுத்தினேன்.

துணிச்சுருளின் நுனியில் இரண்டு தணலை வைத்து ஊதினால் துணி கருகி உள்ளே சிவப்புப் பிடிக்கும். முதலில் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிக் காற்றுக் கொடுக்க வேண்டும். சிவப்பு விரற்கடை அளவுக்கு இறங்கின பிறகு தலைக்குமேல். மெதுவாகச் சுற்றினால் பொறி நம் தோளிலேயே விழும். வேகம் பிடித்துவிட்டால் எல்லாம் வெளியே பறக்கும். மழை விட்ட ஈரக்காற்றிலும் இந்தக் கரி நின்று விளையாடியது. உப்பு வெடிக்கிற சத்தம் அலைச்சத்தத்துக்கு மேலே கேட்டது. இறுக்கித் திணித்ததன் பலன், ஒரு சுருள் கால்மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. மாமா கட்டுகிறது அதில் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். போனில் வீடியோ பார்த்துவிட்டு அவர், “கம்பியெல்லாம் போட்டிருக்கே, இது மாவலியா மோட்டாரா?” என்றார். அடுத்த வருஷம் பண்ருட்டிக்கு இரண்டு கொண்டுவரச் சொன்னதும் அவர்தான்.

ஒரு குறை மட்டும். சுழல்வளையம் சூட்டில் இறுகிக்கொள்கிறது. ஒவ்வொரு சுருள் முடிந்ததும் வாளியில் முக்கி, உப்பு படியாமல் நல்லதண்ணீரில் கழுவி, எண்ணெய் விட வேண்டியிருந்தது. கம்பியை இன்னும் ஒரு சாண் கூட்டினால் சரியாகும்.

மிச்சத் தூளை ஸ்டோன்ஹேவன்காரனுக்கு அனுப்பலாம் என்று கூரியர் கடைக்குப் போனேன். கரித்தூள் தானாகத் தீப்பிடிக்கிற சரக்குகளின் பட்டியலில் இருக்கிறது, எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான், ஆறாத கரிக்குழியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். காய்ந்த கதிரை அனுப்பலாம் என்றால் அங்கே தாவரச் சோதனைக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். பைன் மரக்காயையே குழியில் போட்டுக் கரியாக்கிப் பார்க்கிறேன் என்று அவன் எழுதியிருக்கிறான். அதற்கும் செதில் உண்டு, பொறி வரக்கூடும். அளவு மட்டும் அனுப்பி வைத்தேன்: துணி ஒரு முழம், தூள் ரவைக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு படிக்கு ஒரு கைப்பிடி உப்பு, வறுக்காமல். படி என்றால் எவ்வளவு லிட்டர் என்று கேட்டிருக்கிறான். அப்பத்தாவின் படியைத் தண்ணீர் ஊற்றி அளந்து சொல்ல வேண்டும்.